விமானமா, காரா? பினாங்குக்கு மூன்று முறை

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். பினாங்குக்கு விமானத்தில் போவதா, காரில் போவதா?

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். "ஐந்து பேருக்கு டிக்கெட் எடுக்கிற காசில் காரில் போய்த் தங்கிச் சாப்பிட்டுத் திரும்பிவிடலாம்" என்பார் ஒருவர். "ஒன்றரை மணி நேரத்தில் இறங்க வேண்டிய ஊருக்கு ஏன் ஒரு நாளைத் தொலைக்கிறீர்கள்?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான். நான் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தவன். முதல் முறை காரில், இரண்டாம் முறை விமானத்தில், மூன்றாம் முறை மறுபடியும் காரில். போன இடம் ஒன்றுதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு பயணங்கள்.

இந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

2014: ஒரே மூச்சில்

அப்போது மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. மனைவி அதுவரை கார் உரிமம் எடுத்திருக்கவில்லை. முழங்கால் வலி என்பதால் அம்மா முன் இருக்கையில். ஜூன் மாதச் சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைக் கடக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதன்பிறகு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. 1994ல் முழுமையாகத் திறக்கப்பட்ட சாலை அது. தெற்கே ஜொகூர் பாருவில் தொடங்கி வடக்கே தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை 772 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு சுமார் 700 கிலோமீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் அனுமதி. கணக்குப் போட்டால் ஏழு மணி நேரத்தில் போய்விடலாம் போலத் தோன்றும். பிள்ளைகளுக்குக் கழிவறை, பெரியவர்களுக்குத் தேத்தண்ணீர், கோலாலம்பூரைச் சுற்றி நெரிசல் எல்லாம் சேர்ந்து, நாங்கள் பினாங்குப் பாலத்தில் ஏறியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

வழியில் ஈப்போ பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அம்மா கேட்டார். "தம்பி, சுங்கை சிப்புட்ல ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்ட முடியுமா?"

அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். 1972ல் அப்பாவைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, தஞ்சோங் பகார் நிலையத்தில் வந்து இறங்கினார். கடைசியாக ஊருக்குப் போனது 1983ல், பாட்டியின் இறுதிச் சடங்குக்கு.

"வரும்போது பாக்கலாம்மா" என்றேன். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

மூன்று இரவு தங்கினோம். திரும்பும் நாள் பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரவில்லை. புறப்படும்போது மணி ஒன்று. மறுநாள் காலை எனக்கு வேலை. ஈப்போ வந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

யோங் பெங் தாண்டும்போது இரவு பதினொன்று இருக்கும். பின்னால் எல்லாரும் தூக்கம். சாலை நேராக, இருட்டாக, இரண்டு பக்கமும் செம்பனையாக இருந்தது. வானொலிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்கவில்லை. அடுத்து நான் கேட்டது, சக்கரத்துக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம். கூடவே அம்மாவின் கை என் தோளில்.

"தம்பி!"

கார் சாலை ஓரத்துக் கோட்டை மிதித்து ஓடிக்கொண்டிருந்தது. நான் தூங்கியது ஒரு விநாடியா, மூன்று விநாடியா, எனக்குத் தெரியாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு முப்பது மீட்டர் ஓடும். அந்த நேரம் பக்கத்தில் லாரி இல்லை. நாங்கள் பிழைத்ததற்கு அது ஒன்றே காரணம்.

மச்சாப் ஓய்விடத்தில் காரை நிறுத்தி, விடியற்காலை நான்கு மணி வரை எல்லாரும் காரிலேயே தூங்கினோம். நான் மட்டும் தூங்கவில்லை. அன்று வேலைக்குப் போகவும் இல்லை. அவசர அவசரமாக ஓட்டி நான் மிச்சப்படுத்தியது ஒன்றுமே இல்லை.

2018: மேகத்துக்கு மேலே

"இனிமே ஃபிளைட்தான்" என்றார் மனைவி. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

விமானத்தின் கணக்கையும் வீட்டு வாசலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான். ஆனால் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை ஆறரைக்கு. சாங்கி, பயணப்பெட்டி, குடிநுழைவு, காத்திருப்பு, விமானம், பாயான் லெப்பாஸில் மறுபடியும் குடிநுழைவு, பெட்டி, வாடகை வண்டி. ஜார்ஜ் டவுன் தங்கும் விடுதியில் கால் வைத்தபோது பன்னிரண்டரை. ஆறு மணி நேரம். காரில் பதினொரு மணி நேரம். வித்தியாசம் ஐந்து மணி நேரம். அதைவிட முக்கியம், போய்ச் சேர்ந்தபோது யாரும் களைத்திருக்கவில்லை. அன்று மாலையே குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போய், பக்கத்தில் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

விமான நிலையத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். வரிசையில் நிற்கும் வேலையே இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் நல்லது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விமானம் ஏறிச் சமநிலைக்கு வந்ததும் அம்மா ஜன்னலோரம் குனிந்து கீழே பார்த்தார். வெள்ளை வெளேரென்று மேகம்.

"ஈப்போ எப்ப வரும்?" என்று கேட்டார்.

"ஃபிளைட்ல அதெல்லாம் தெரியாதும்மா. நேரா பினாங்குதான்."

"ஓ" என்று சொல்லிவிட்டு, இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நாள் கழித்து வீடு திரும்பிப் பெட்டியைப் பிரிக்கும்போது, "போய்ட்டு வந்த மாதிரியே இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். அதனால்தான் அது என் மனத்தில் தங்கிவிட்டது.

2024: பழைய சாலையில்

அதன்பிறகு கொவிட் வந்தது, எல்லை மூடியது, திறந்தது. அம்மாவுக்கு 73 வயது ஆனது. பிள்ளைகள் எங்கள் உயரத்துக்கு வளர்ந்தார்கள். மனைவி உரிமம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டிசம்பர் விடுமுறையில் ஒன்பது நாள் கிடைத்தபோது நான் சொன்னேன்: "கார்ல போவோம். ஆனா பினாங்குக்கு மூணாவது நாள்தான் போய்ச் சேருவோம்."

முதல் நாள் சிரம்பானில் தங்கல். சுமார் 300 கிலோமீட்டர்தான். ஆயர் குரோவில் சாலைக்கு மேலே பாலம் போல் கட்டிய உணவகத்தில் உட்கார்ந்து, கீழே ஓடும் வண்டிகளைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் மனைவியும் இருக்கை மாறிக்கொண்டோம். மறுநாள் பீடோரில் கொய்யா, ஈப்போவில் மதியச் சாப்பாடு. அதன்பிறகு நெடுஞ்சாலைக்குத் திரும்பவில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஈப்போவைத் தாண்டியதும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மலைக்குள் நுழைந்து, சுரங்கம் வழியாகக் கோலகங்சார் பக்கம் இறங்கிவிடுகிறது. சுங்கை சிப்புட்டை அது தொடுவதே இல்லை. அந்த ஊர் பழைய கூட்டரசுச் சாலையில், செம்மோர் தாண்டி இருக்கிறது. அதாவது 2014ல் நான் கார் ஓட்டிப் போனாலும் அம்மாவின் ஊர் வழியாகப் போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கமாகத்தான் விரைந்திருக்கிறேன். அம்மாவின் ஊரைப் பொறுத்தவரை அந்த நெடுஞ்சாலையும் விமானமும் ஒன்றுதான்.

பழைய சாலையில் போக்குவரத்து விளக்கு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, சைக்கிளில் போகும் தாத்தா உண்டு. வேகம் ஐம்பது, அறுபது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது செம்மோர்... இங்கதான் பஸ் மாறுவோம்." "இந்தப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகை இருந்துச்சு." பின் இருக்கையில் கைத்தொலைபேசியில் மூழ்கியிருந்த மகள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

சுங்கை சிப்புட், மலேசியத் தமிழர்களுக்குத் துன் வீ. தி. சம்பந்தனின் ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960ல் தொடங்கியதற்கு அவரே முன்னின்றார். தொழிலாளர்கள் சேர்ந்து பணம் போட்டுத் தோட்டத்தைத் தாங்களே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தாத்தாவும் மாதாமாதம் காசு கட்டினார் என்று அம்மா சொன்னார். இதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

தோட்டத்துக்குள் போகும் மண் சாலை இருந்தது. தோட்டம்தான் இல்லை. பால்மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கும் செம்பனை. லயத்து வீடுகள் நின்ற இடத்தில் புல். ஆயாக் கொட்டகையும் இல்லை, கிராணி வீடும் இல்லை. கோயில் மட்டும் புது வண்ணம் பூசி நின்றது. பூசாரி வெளியே வந்து, "எந்த லயம்மா நீங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "அதெல்லாம் எனக்கு முன்னாடி" என்றார். ஆனால் உள்ளே கூப்பிட்டுத் திருநீறு கொடுத்தார்.

அம்மா கோயிலுக்குப் பின்னால் நடந்து போய், ஒரு இடத்தில் நின்றார். கிணறு இருந்த இடமாம். பத்து நிமிடம் இருக்கும். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி வந்து, "சரி, போலாம்" என்றார்.

2014ல் அவர் கேட்டது ஐந்து நிமிடம்.

ஒரு மரத்தின் முன்னால்

அன்று மாலை கோலகங்சாரில் நின்றோம். அங்கே மாவட்ட நில அலுவலகத்தின் அருகே, சிறு வேலிக்குள் ஒரு பழைய ரப்பர் மரம் இருக்கிறது. பிரேசிலிலிருந்து 1876ல் லண்டனின் கியூ பூங்காவுக்கு விதைகள் போயின. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அந்த முதல் கன்றுகளில் சிலவற்றைப் பேராக்கின் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் எஞ்சியது இது. சிங்கப்பூரிலிருந்து பேராக்குக்கு அந்த மரம் வந்தது. அதில் பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன் வந்தார்கள்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா இடையில் புகுந்தார்.

"இதான் எல்லாத்துக்கும் பாட்டியா?"

பிறகு அவர் கை காற்றில் எழுந்தது. இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு. "இப்படி இழுக்கணும். பட்டை தாள் மாதிரி உரியணும். ஆழமாப் போயிட்டா மரத்துக்குக் காயம், மண்டோர் திட்டுவாரு. விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்." தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், பதினைந்து வயதில். மகள் தன் பாட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அந்த இரவு தைப்பிங்கில் தங்கி, காலையில் ஏரிப் பூங்காவில் நடந்துவிட்டு, மூன்றாம் நாள் மதியம் பினாங்கு போய்ச் சேர்ந்தோம். தண்ணீர்மலையில் 513 படி. அம்மா அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் மேலே போய், பாட்டிக்காகவும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும்போதும் வழியில் ஓர் இரவு தங்கினோம். இருட்டிய பிறகு யாரும் ஓட்டவில்லை.

அப்படியானால் எதில் போவது?

என் பதில் இதுதான்: காரை விமானம் போல ஓட்டாதீர்கள். ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும் என்றால் பறந்துவிடுங்கள். வழியில் இறங்க நேரம் இருந்தால் மட்டும் காரை எடுங்கள்.

நான்கு நாளுக்குக் குறைந்த விடுமுறையா? விமானம். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தானா? விமானம். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டுமா? நிச்சயம் விமானம். பயணிகள் நால்வருக்கு மேல், ஓட்ட இருவர், கையில் ஒரு வாரம் என்றால் காரில் போகலாம். டிக்கெட் விலை ஆள் எண்ணிக்கையோடு ஏறும். பெட்ரோலும் டோலும் ஏறாது. ஆனால் வழியில் தங்கும் இரவுகளின் வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அப்போது கார் அவ்வளவு மலிவாகத் தெரியாது.

மூன்றாவது வழியும் உண்டு. பறந்து போய், அங்கே காரை வாடகைக்கு எடுப்பது. சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்கே நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து சுங்கை சிப்புட் அரை மணி நேரம், முக்கால் மணி நேரப் பயணம். இது எனக்கு முன்பே தோன்றியிருந்தால் அம்மா இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

காரில் போகிறவர்கள் சரிபார்க்க வேண்டியவை:

● சிங்கப்பூர் கார்களுக்கு விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கடைசி வாரத்தில் விண்ணப்பித்துத் தவிக்காதீர்கள்.

● நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் வழியெங்கும் டோலும் உண்டு. டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் இருக்கட்டும்.

● சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவு கொண்ட கார்களுக்கு ரோன் 95 பெட்ரோல் கிடையாது. ரோன் 97தான்.

● சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர், சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் உட்பட, மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அவரவர் கடப்பிதழுக்கு விசா தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

● சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். குடும்பத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குறியீடு எடுத்துவைத்தால் வேலை சுலபம்.

● கார் காப்புறுதி தீபகற்ப மலேசியாவிலும் செல்லுபடியாகிறதா, வழியில் கார் பழுதானால் இழுத்துவரும் சேவை அதில் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

● இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கொட்டாவி வந்தால் பாட்டை உரக்க வைப்பதிலும் ஜன்னலைத் திறப்பதிலும் பயனில்லை. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். அதை நான் மச்சாபில் கற்றேன்.

இந்த ஆண்டும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. காரா, விமானமா என்று பிள்ளைகள் இருவரும் சாப்பாட்டு மேசையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்காகக் காரிலேயே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஃபிளைட்லயே போயிடலாம்பா" என்றார் அம்மா. "கால் ரொம்ப வலிக்குது. எனக்கு இனிமே நடுவுல வேலை ஒண்ணும் இல்ல."

டிக்கெட் எடுத்துவிட்டோம். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாகிவிட்டது.